கண்ணாடிக் கடைப் பெட்டியில் வந்த செடி

மார்ச் 3

என் வீட்டுக்காரரோட தங்கச்சிக்கு,

வழக்கமா எழுதுற மாதிரி "சில்வண்டு"ன்னு ஆரம்பிக்க மனசு வரலை. அது அவர் வெச்ச பேர். அவர் போனதோட அந்தப் பேரும் போச்சுன்னு வெச்சுக்கோ.

இன்னைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில இருந்து வந்து செருப்பைக் கழட்டலை, வேன்காரன் வாசல்ல நிக்கிறான். கையில ஒரு அட்டைப் பெட்டி. நாலு பக்கமும் நீ வேலை பாக்குற மூக்குக் கண்ணாடிக் கடைப் பேர் அச்சடிச்ச டேப். பிரிச்சா உள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி. கஞ்சி மாதிரி மண்ணு. அழுகின வாடை. மஞ்சளாப் போன ரெண்டு இலை, கூடவே இலையே இல்லாத ஒரு முழ நீளக் குச்சி. சீட்டு இல்லை, ஒரு வரி எழுத்து இல்லை, பேர் இல்லை.

என்ன இது?

பதினாலு மாசமாச்சு. அவரைத் தூக்குறதுக்கு முன்னாடி இதே வாசல்ல நின்னு, மாடிக்காரங்க, கீழ் வீட்டுக்காரங்க, என்கூட வேலை பாக்குற நர்ஸுங்க அத்தனை பேர் முன்னாடியும் நீ கத்தினது எனக்கு மறக்கலை. "ஊருக்கெல்லாம் நாடி பிடிக்கிறவங்க, கட்டினவன் நாடியைப் பிடிச்சுப் பாக்கலை." அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் உன் வாயில இருந்து ஒரு வார்த்தை கிடையாது. இப்ப செத்துக்கிட்டிருக்கிற ஒரு செடியை எனக்கு அனுப்பி வெச்சிருக்கே. ஒரு மனுஷனைப் பாத்துக்கத் தெரியாதவ இதையாவது பாத்துக்கிறாளான்னு சோதனையா? இல்ல, இதுதான் நீ மன்னிப்புக் கேக்குற லட்சணமா?

போன் பண்ணிப் பாக்காதே. உன் நம்பரைத் தடுத்து வெச்சிருக்கேன், அது அப்படியே இருக்கட்டும். எழுத்துல பதில் போடு. செடியோட பேர் என்ன, எதுக்கு அனுப்பினே? ரெண்டும் தெரியலேன்னா அடுத்த வாரக் குப்பை வண்டியில போகும்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

குப்பையில போடாதீங்க.

பேர் எனக்குத் தெரியாது. தெரிஞ்சா எழுதியிருக்க மாட்டேனா? பத்து மாசம் கடை ஜன்னல்ல நல்லாத்தான் இருந்தது. முதலாளி ஜன்னல்ல புது ஃப்ரேம் அடுக்கணும்னு சொன்னதும் வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய தொட்டிக்கு மாத்தினேன். அன்னைக்குப் பிடிச்ச சனி. ஒவ்வொரு இலையா விழுந்தது. காலைல தண்ணி, கடைக்குக் கிளம்புறப்ப தண்ணி, திரும்பி வந்து தண்ணி. கண்ணாடி துடைக்கிற துணியால இலையைத் துடைச்சு விட்டேன். இன்னும் என்னதான் செய்யறது? ஆட்டுக்குட்டி மாதிரி இடுப்புல தூக்கி வெச்சுக்கணுமா?

உங்க கைக்குச் செடி வரும்னு அண்ணன் சொல்வான். அதனாலதான் அனுப்பினேன். சீட்டு எழுதலாம்னு நாலு தடவை உட்கார்ந்தேன், முதல் வரிக்கு மேல நகரலை. கிழிச்சுப் போட்டுட்டேன்.

மன்னிப்பு லட்சணம் அது இதுன்னு நீங்களே ஏதாவது முடிவு பண்ணிக்காதீங்க. நான் அன்னைக்குச் சொன்னதைப் பத்தி இப்ப எதுவும் எழுத முடியாது. வாபஸ் வாங்கினேன்னும் சொல்லலை, வாங்கலைன்னும் சொல்லலை. நீங்க மட்டும் சும்மா இருந்தீங்களா? "இவளை வெளிய அனுப்புங்க"ன்னு மாடிக்காரர்கிட்ட சொன்னீங்க. என் சொந்த அண்ணன் கிடக்குறான், என்னை ஒரு மூணாம் மனுஷன் கையைப் பிடிச்சுப் படிக்கட்டுல இறக்கி விட்டார்.

ஆனா செடியைப் போட்டுடாதீங்க. எனக்காக இல்லேன்னாலும் சரி.

சில்வண்டு


மார்ச் 17

கண்ணாடிக் கடைக்காரிக்கு,

தொட்டியைத் திருப்பிப் பாத்தியா? அடியில ஓட்டையே இல்லை. ஒரு நாளைக்கு மூணு தடவை தண்ணி ஊத்தினேன்னு பெருமையா எழுதியிருக்கே. அது எங்க போகும்? செடியைக் குளத்துல முக்கி வெச்சிருக்கே.

ஞாயித்துக்கிழமை அடுப்படித் தரையில பேப்பர் விரிச்சுக் கொட்டினேன். வேரெல்லாம் கறுத்து, தொட்டதும் தோல் தனியா நார் தனியாக் கழண்டு வந்தது. அழுகினதை வார்டுல கட்டுப் பிரிக்கிற கத்தரியாலயே வெட்டி எடுத்தேன். நல்ல வேர் ரெண்டு விரல் அளவு தேறிச்சு. வெட்டின இடத்துல வெள்ளையாப் பால் வந்தது. தெரியாம அந்தக் கையால கண்ணைத் தொட்டுட்டேன். கால் மணி நேரம் குழாய்க்குக் கீழ முகத்தை வெச்சுக்கிட்டு நின்னேன். உன்னைத் திட்டினது கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

பேருக்கு நான் அலைஞ்ச அலைச்சலைக் கேளு. முனையில இருக்கிற செடிக் கடைக்காரர், "ஏதோ மணி பிளான்ட்ல ஒரு ரகம்"னார். மணி பிளான்ட்ல பால் ஏதுய்யான்னு கேட்டா, "அப்ப வேற ரகம்"ங்கிறார். போன்ல படம் எடுத்துப் போட்டா மூணு பேர் காட்டுது, மூணும் மூணு மாதிரி. எங்க எலும்பு வார்டுல இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கிற ஒருத்தர் காலேஜ்ல தாவரவியல் நடத்தினவராம். தொட்டியோடயே தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். மனுஷனுக்கு அன்னைக்கு வலியே மறந்து போச்சு. "தடிச்ச இலை, எதிரும் புதிருமா ரெண்டு ரெண்டா வருது, பால் இருக்கு. இது எருக்குக் குடும்பத்துல ஏதோ ஒரு கொடி. பூவைப் பாக்காம பேர் சொல்ல மாட்டேன்"னுட்டார். பூவுக்கு நான் எங்க போக? ரெண்டு இலைதான் இருக்கு.

இப்ப நல்லாக் கேளு. நீ இதைத் தினமும் பாத்தே. தொட்டே, துடைச்சே. அப்படியும் உன் கண்ணு முன்னாடியே அழுகிப் போச்சு, வெளியில ஒண்ணும் தெரியலை. யாராவது உன் வாசல்ல வந்து நின்னு, பத்துப் பேர் முன்னாடி உன்னைக் கேட்டாங்களா?

இன்னொரு விஷயம். ஒரே கடுதாசியில ரெண்டு தடவை போடாதீங்க போடாதீங்கன்னு எழுதியிருக்கே. "எனக்காக இல்லேன்னாலும்"னா யாருக்காக? உனக்கு யார் குடுத்தது இது?

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

இதை ஒரே மூச்சுல எழுதிடறேன். நடுவுல நிறுத்தினா திரும்ப எழுத மாட்டேன்.

செடி என்னோடது இல்லை. உங்களோடது.

அண்ணன் போறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி, ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல கடைக்கு வந்தான். லிஃப்ட் கம்பெனி காக்கிச் சட்டை, முழங்கையில கிரீஸ். கையில ஒரு டீ கப், அதுல நாலு இலையோட இந்தக் கொடி. ஏதோ ஒரு கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போனவனுக்கு ஒரு டீச்சர் அன்பளிப்பாக் குடுத்தாங்களாம். "உங்க அண்ணிக்குப் பிறந்த நாள் வருது. வீட்ல வெச்சா அவ மூக்குல வேர்த்துடும். அதுவரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்"னான். பேர் என்னன்னு கேட்டேன். "அதை நான்தான் அவகிட்ட சொல்லுவேன். உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும், சில்வண்டு"ன்னு சிரிச்சான்.

அப்புறம் கண் டெஸ்ட் பண்ற நாற்காலியில சாஞ்சு உட்கார்ந்தான். முகம் சரியில்லை. என்னடான்னேன். இடது தோள்பட்டை ரெண்டு நாளா இழுக்குதுன்னான், மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னான். "அண்ணிகிட்ட சொன்னியா?"ன்னு கேட்டேன். "சொன்னா இப்பவே கட்டில்ல போட்டுக் கையில ஊசியைக் குத்திடுவா. அவளே வார்டுல ஆள் இல்லாம ரெண்டு ஷிஃப்ட் பாக்குறா. இந்த மாசம் போகட்டும், நானே சொல்றேன். நீ வாயைத் திறக்கக் கூடாது"ன்னான். என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினான்.

நான் வாயைத் திறக்கலை. வாழ்க்கையில முதல் தடவையா வாயை மூடிக்கிட்டு இருந்தேன் அண்ணி.

அன்னைக்கு உங்க வாசல்ல எல்லாரும் "திடீர்னு எப்படி, யாருக்கும் தெரியாமப் போச்சே"ன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. அடுத்து யாராவது என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமான்னு கேட்டுடுவாங்கன்னு பயந்தேன். அதுக்கு முன்னாடி நான் உங்களைக் கேட்டுட்டேன்.

இவ்வளவுதான்.

சில்வண்டு


மார்ச் 30

உன் கடுதாசியை வார்டு ஸ்டோர் ரூம்ல, பஞ்சு மூட்டைமேல உட்கார்ந்து படிச்சேன். அரை மணி நேரம் வெளிய வரலை. பேஷன்ட் மணி அடிச்சும் வரலை. இருபத்திரெண்டு வருஷ வேலையில இது முதல் தடவை.

ஒன்பது நாள். எங்க ஆஸ்பத்திரியில நெஞ்சு டாக்டர் ரூம் எங்க வார்டுக்கு நேர் மேல் மாடி. ஒரு மாடி. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன்.

பதினாலு மாசமா நான் கண்ணாடி முன்னாடி நின்னு என்னையே கேட்டுக்கிட்டிருந்தேன், எதைப் பாக்காம விட்டோம்னு. உனக்குப் பதில் தெரியும். தெரிஞ்சும் என்னைக் கேக்க விட்டே.

இனிமே எழுதாதே. செடி ஜன்னல்ல இருக்கு. அது உனக்காக இல்லை.


ஏப்ரல் 12

அண்ணிக்கு,

எழுதாதேன்னு சொன்னீங்க. எழுதறேன். கிழிச்சுப் போடறதுன்னா படிச்சுட்டுக் கிழிங்க.

எனக்காக எதுவும் கேக்கலை. ஒரு தகவல் இருக்கு. அந்த டீச்சர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்கன்னு அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அவன்கூட வேலை பாத்த குண்டு மெக்கானிக்கைத் தேடிப் பிடிச்சேன். அவர் பழைய வேலைச் சீட்டைப் புரட்டிப் பாத்து இடத்தைச் சொன்னார். ரயில்வே மேம்பாலத்தை ஒட்டி, நீல டைல்ஸ் ஒட்டின ஒன்பது மாடிக் கட்டடம். டீச்சர் இருக்கிறது எட்டாவது மாடி. அவங்களுக்குச் செடியோட பேர் தெரியும். எப்படிப் பாத்துக்கணும்னும் தெரியும்.

நான் அந்தக் கட்டட வாசல் வரைக்கும் போனேன். வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னு கேட்டார். அப்படியே திரும்பிட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஏறுறது?

நீங்க என்ன திட்டினாலும் எனக்குத் தகும். ஆனா ஒண்ணு கேக்காம இருக்க முடியலை, கேட்டா கோவம் வரும், வரட்டும். அந்த ஒன்பது நாளும் அவன் உங்ககூடத்தானே இருந்தான்? ஒரே வீடு, ஒரே கட்டில். ஒரு வார்த்தை, என்னன்னு ஒரு வார்த்தை நீங்க கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டானா?

சில்வண்டு


மே 2

சில்வண்டுக்கு,

நீ கேட்டதுக்கு மொதல்ல பதில். கேட்டேன்டி.

அந்த வாரம் திங்கக்கிழமை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "ஏன் இப்படி இருக்கீங்க? கையைக் குடுங்க, பாக்குறேன்"னேன். கையைக் குடுக்காம இஸ்திரிப் பெட்டியைக் காட்டி, "சுடும், தள்ளு"ன்னார். "சரியாத் தூங்கலை, அவ்வளவுதான்"னார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டேன். கேக்கலைன்னு நீ சொன்னது பொய். கேட்டும் அந்தப் பதிலை வாங்கிக்கிட்டுப் போனதுதான் நிஜம். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. இப்ப உன்கிட்ட சொல்றேன், அதுவும் கோவத்துல.

நேத்து லீவு போட்டுட்டு அந்த நீல டைல்ஸ் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது, ஆனா ஏறப் பிடிக்கலை. எட்டு மாடியும் படியில ஏறினேன். அஞ்சாவது மாடியில எனக்கே நெஞ்சு அடிச்சுக்கிச்சு.

டீச்சர் ஓவியம் சொல்லிக் குடுத்து ரிட்டயரானவங்க, தனியா இருக்காங்க. பால்கனிக் கம்பி முழுக்க நம்ம செடி. ஆள் உயரத்துக்குப் படர்ந்து கிடக்கு. கொத்துக் கொத்தாப் பூ, ஒவ்வொண்ணும் மெழுகுல செஞ்சு ஒட்டின நட்சத்திரம் மாதிரி. பேர் ஹோயாவாம். அவ்வளவுதான், ரெண்டே எழுத்து. அதைச் சொல்லத்தான் இத்தனை ரகசியம்.

என் செடியோட படத்தைக் காட்டினேன். "ஐயோ, மண்ணுல போய் முழுகடிச்சுட்டீங்களே! இது மரத்துல ஒட்டி வளர்ற ஜாதிம்மா. தேங்கா மட்டைத் தூளும் கரித்துண்டும் போதும். தொட்டி சின்னதா இருக்கணும். காஞ்சப்புறம்தான் தண்ணி"ன்னாங்க. அந்த இலையில்லாத குச்சியை நான் வெட்டிடலாம்னு இருந்தேன். "வெட்டிடாதீங்க, பிற்பாடு இலை வர்றது அதுலதான்"னு பதறிப் போனாங்க. பூத்த காம்பையும் கிள்ளக் கூடாதாம், அடுத்த வருஷம் அதே காம்புலதான் மறுபடியும் பூக்குமாம்.

அப்புறம் அவரைப் பத்திச் சொன்னாங்க. லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சாம். கதவை ஒரு சாண் அளவுக்குத்தான் திறக்க முடிஞ்சது. டீச்சருக்கு அவர் ஷூ மட்டும் தெரிஞ்சுதாம். இவங்க உள்ள அழறாங்க. "ஓவிய டீச்சரா? அப்ப என் ஷூவை நல்லாப் பாத்து வெச்சுக்கோங்க, வெளிய வந்ததும் வரைஞ்சு காட்டணும்"னாராம். மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறி லிஃப்ட் சக்கரத்தைக் கையால சுத்தி இறக்கணும். ஏறிப் போனவர், இவங்க பயந்துடுவாங்கன்னு பாதியில இறங்கி வந்து, "இதோ ஆச்சு டீச்சர்"னு சொல்லிட்டுத் திரும்ப ஏறினாராம். அப்படி மூணு தடவை.

இவங்களை வெளிய எடுத்தப்புறம் படியில உட்கார்ந்துட்டாராம். நெஞ்சு மேல கை. டீச்சர் தண்ணி குடுத்து, "உடனே டாக்டரைப் பாருங்க தம்பி"ன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு இவர், "டாக்டர் எதுக்கு, என் வீட்ல நர்ஸே இருக்கா. இன்னைக்கே சொல்லிடறேன்"னாராம். அதைக் கேட்டுட்டுத்தான் "அப்ப இது உங்க நர்ஸம்மாவுக்கு"ன்னு ஒரு துண்டை வெட்டிக் கப்புல வெச்சுக் குடுத்திருக்காங்க.

இன்னைக்கே சொல்லிடறேன். அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம். மாடிவீட்டுக்காரங்க மோட்டார் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு பேசினார். மோட்டாரைப் பத்திப் பேசினார்!

முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா பயப்படக் கூடாதுன்னு மூணு தடவை மாடி ஏறி இறங்கின மனுஷன், எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறக்கலை. டீச்சருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அப்ப பக்கத்துல நின்னு தண்ணிச் செம்பை வாங்கி வெச்ச கட்டட வாட்ச்மேனுக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது. நான் என்ன, இவர் வீட்ல வாடகைக்கு இருந்தேனா?

டீச்சர் அழுதாங்க. அவர் இல்லேங்கிறது அவங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியும். "தங்கமான பிள்ளை"ன்னாங்க. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி


மே 8

அண்ணி,

உங்க கடுதாசியைக் கடையில படிச்சேன். முதலாளி என்னாச்சுன்னு கேட்டார். லென்ஸ் தூள் கண்ணுல விழுந்துடுச்சுன்னேன்.

நீங்க கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே பத்துப் பேர் முன்னாடி கத்தினேன். தெரிஞ்ச ஒண்ணை மறைக்கிறதுக்காக, தெரியாத ஒண்ணைச் சொன்னேன். அன்னைக்கு நான் சொன்னது பொய் அண்ணி. வாபஸ் வாங்குறேன். எங்க நின்னு சொல்லணுமோ சொல்லுங்க, அங்க நின்னு சொல்றேன்.

ஆனா ஒண்ணு. எனக்கும் அவன்மேல அப்படி ஒரு ஆத்திரம். இத்தனை நாளா அதை வெளிய எடுக்கவே விடலை யாரும். என் சத்தியத்தை வாங்கிக்கிட்டு, என் தலையில அத்தனையையும் இறக்கி வெச்சுட்டு, அவன் பாட்டுக்குப் போயிட்டான். யார்கிட்ட சொல்ல? வீட்ல அவன் பேரை எடுத்தாலே, தங்கம், வைரம், ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காதவன்னு ஆரம்பிச்சுடறாங்க. சரியான மடையன்னு நான் ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதுக்கு, அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

சில்வண்டு


மே 15

சில்வண்டு,

மன்னிச்சுட்டேன்னு எழுத மாட்டேன். இன்னும் இல்லை. வருமான்னும் தெரியலை. வந்தா சொல்லி அனுப்புறேன்.

வாசல்ல நின்னு சொல்றேன்னு எழுதியிருக்கே. சொல்லத்தான் வேணும். மாடிக்காரங்க இருப்பாங்க, கீழ் வீட்டம்மா காய் நறுக்கிக்கிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருப்பாங்க. உன் குரலுக்கு மைக் வேண்டாம். ஒரே ஒரு தடவை சொல்லு, போதும். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினா கதவைச் சாத்திடுவேன்.

செடியைச் சின்னக் கப்புக்கு மாத்தி, மட்டைத் தூள் போட்டு வெச்சிருக்கேன். பழைய இலையில ஒண்ணு விழுந்துடுச்சு, ஒண்ணு நிக்குது. பிழைக்குமா, இப்பச் சொல்ல முடியாது. பிழைக்கலேன்னா வேற துண்டு தர்றேன்னு டீச்சர் சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். இருந்தா இது இருக்கட்டும், போனா இது போகட்டும்.

ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. பதினோரு மணிக்கு வந்துடு. உன் நம்பரை விடுவிச்சுட்டேன், பஸ் ஏறினதும் கூப்பிடு.

மடையன்னு நீ எழுதியிருந்ததை நாலு தடவை படிச்சேன். அவர் போனதுல இருந்து என் காதுல விழுந்த முதல் நியாயமான வார்த்தை அதுதான். எனக்கும் நிறைய இருக்கு சொல்ல. மோட்டார் சத்தத்துல இருந்து ஆரம்பிக்கணும். இஸ்திரிப் பெட்டி இருக்கு. கல்யாணமான மறுவாரம் காய்ச்சலை மறைச்சுட்டு வேலைக்குப் போனது இருக்கு. தனியா உட்கார்ந்து திட்டிப் பாத்தேன், ரெண்டாவது வார்த்தையிலேயே அழுகை வந்துடுது. கூட ஒரு ஆள் வேணும். அவரைப் பாராட்டறதுக்கு ஊரே இருக்கு. திட்டறதுக்கு எனக்கு உன்னை விட்டா யாரும் இல்லை.

வா.

அண்ணி